வீடு மாற்றும் செலவு: சாதிக்கு மட்டும் 25,000

"இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா? டவுன்ல காசுதான் சாதி. அட்வான்ஸ் வெச்சா வீடு."

இதைச் சொன்னவர் என்னோடு முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நண்பர். பெரியாரைப் படித்தவர். கூட்டங்களில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்பவர். மார்ச் கடைசியில் வீடு தேடத் தொடங்கி எட்டாவது நாள் லாஸ்பேட்டையில் பால் காய்ச்சிவிட்டார். அதே லாஸ்பேட்டையில், அதே வாடகைக்கு, அதே புரோக்கரிடம் சொல்லிவைத்து நான் 7 வாரம் தேடினேன். 23 வீடுகள் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது லாஸ்பேட்டையிலும் இல்லை.

நண்பரோடு டீக்கடையில் வாதாடிப் பயனில்லை. அவரிடம் கேட்டால் "உங்களுக்கு நேரம் சரியில்லை" என்பார், பகுத்தறிவாளர் என்பதையும் மறந்து. அதனால் கணக்கு எழுதினேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் எல்லார் வீட்டிலும் வீடு மாற்றும்போது எழுதுகிற செலவு. வலப்பக்கம் மற்றவர்கள் எழுத வேண்டியிராத செலவு.

இடப்பக்கத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வாடகை 9,000. ஐந்து மாத அட்வான்ஸ் 45,000. முதல் மாத வாடகை 9,000. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, 9,000. குட்டி யானை இரண்டு நடை, நடைக்கு 1,800. ஏற்றி இறக்க இரண்டு பேர், ஆளுக்கு 800. ஃபேன் கழற்றி மாட்ட, வாஷிங் மெஷினுக்குக் குழாய் இழுக்க 1,000. பால், சர்க்கரை, பூ, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் 300. ஆக 69,500. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத ஆய்வாளருக்கு உதவித்தொகை மாதம் 8,000. தனியார் பள்ளியில் ஆசிரியையான என் மனைவிக்குச் சம்பளம் 15,000. எங்கள் மூன்று மாத வருமானத்தைக் கூட்டினால் 69,000 வரும். சாப்பிடாமல் இருந்தாலும் 500 குறைகிறது.

ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாது என்பார்கள். எங்களுக்கு அந்த இரண்டு மாதம்தான் பிடித்தம். வண்டி வாடகை இறங்கும், காலி வீடுகள் அப்படியே கிடக்கும், வீட்டுக்காரர் பேச்சில் கொஞ்சம் பணிவு வரும். ஆனால் ஜூனில் மகளை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். அதோடு காலி செய்யச் சொல்கிறவர் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வதில்லை. பிப்ரவரியில் ஊரிலிருந்து அப்பாவும் பெரியப்பாவும் வந்து நான்கு நாள் தங்கியிருந்தார்கள். எதிர் போர்ஷன் அம்மா அப்பாவிடம் அன்பாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், கோயிலுக்குப் பக்கத்திலயா தள்ளியா? அப்பாவுக்கு மறைக்கத் தெரியாது. அடுத்த மாதம் வாடகை கொடுக்கப் போனபோது வீட்டுக்காரர் சொன்னார்: "தம்பி, பையன் பெங்களூர்லேர்ந்து வந்துடுறான், வீடு வேணும்." பையன் வரவில்லை. குட்டி யானையில் பீரோ ஏறிக்கொண்டிருக்கும்போதே கேட்டில் 'வீடு வாடகைக்கு' போர்டு ஏறியது.

இனி வலப்பக்கம்.

பெட்ரோல் 2,100. லாஸ்பேட்டை, கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர், சாரம், ரெட்டியார்பாளையம், முதலியார்பேட்டை என்று 7 வாரம் அலைந்ததற்கு. (கடைசி இரண்டும் சாதியைப் பெயரிலேயே தூக்கிச் சுமக்கும் பகுதிகள். அங்கே வீடு தேடும்போது போர்டைப் பார்த்தாலே கொஞ்சம் தயங்கும்.) மனைவிக்குச் சம்பளப் பிடித்தம் நான்கு நாள், 2,000. குடும்பத்தோடு வந்தால்தான் வீட்டைக் காட்டுவோம் என்றவர்களுக்காக எடுத்த லீவு அது. குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நிறத்தைப் பார்க்க வேண்டும், தாலியைப் பார்க்க வேண்டும், பேச்சு வழக்கைக் கேட்க வேண்டும் என்று பொருள்.

டோக்கன் அட்வான்ஸ் 2,000. இதை விரித்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஒரு வீடு பிடித்துப்போனது. தரைத்தளம், கிழக்குப் பார்த்தது, முன்னால் ஒரு வேப்பமரம், வாடகை 7,500. வீட்டுக்கார அம்மா மகளுக்கு முறுக்கு கொடுத்தார். டோக்கன் 2,000 ரூபாயைப் புரோக்கரின் போனுக்கு அனுப்பினேன். அக்ரிமென்ட் போட ஆதார் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். என் ஆதாரில் ஊர் முகவரி இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து ஊர்ப்பெயருக்கு முன்னால் 'காலனித் தெரு' என்று இருக்கிறது. திங்கட்கிழமை காலை பதில் வந்தது: "சொந்தக்காரங்க கேட்டாங்களாம் சார், அவங்களுக்கே குடுத்துட்டாங்க." டோக்கன்? "அலைஞ்ச கூலி சார்."

'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாக, வசைச்சொல்லாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் நாளை என் ஆதாரில் அந்த இடத்தில் 'அம்பேத்கர் நகர்' என்று வந்தால் அந்த அம்மா என்ன செய்வார்? முறுக்கைத் திருப்பிக் கேட்காமல் இருந்தால் சரி. சொல்லை மாற்றுவது அரசுக்குச் செலவில்லாத வேலை. அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவரை என்ன செய்வது என்பதில்தான் செலவு இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது.

மற்ற வீடுகளில் ஆதார் வரைக்கும் போகவில்லை, கேள்வியிலேயே முடிந்தது. சாதி என்ன என்று நேராகக் கேட்டவர்கள் இரண்டே பேர். அவர்களை ஒரு வகையில் மதிக்கிறேன், பெட்ரோலாவது மிச்சம். மற்றவர்கள் குலதெய்வம் கேட்டார்கள். அப்பா தொழில் கேட்டார்கள், "சொந்த நிலமா, கூலியா" என்று அதற்கொரு துணைக்கேள்வியும் கேட்டார்கள். எல்லாரையும்விட வேடிக்கை, சாப்பாட்டுக் கேள்வி. சைவக்காரர் சைவக்காரருக்கே வீடு தருகிறார் என்றால் அது உணவுப் பழக்கம் என்று வாதாடவாவது ஒரு வழி இருக்கிறது. இது கடற்கரை ஊர். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றால் வஞ்சிரம் வறுபடும் வாசனை ஆளைத் தூக்கும் வீட்டில், லுங்கியோடு நின்று மீன் முள்ளைப் பல்லிலிருந்து எடுத்துக்கொண்டே ஒருவர் கேட்டார்: "நீங்க எல்லாம் சாப்பிடுவீங்கல்ல? *அது* மட்டும் இல்லையே?" அந்த 'அது'வில் மாடு மட்டும் இல்லை. என் அப்பா, பெரியப்பா, காலனித் தெரு எல்லாம் இருக்கிறது. முஸ்லிம் நண்பர்களுக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது. பெயரைச் சொன்னதும் போன் வைக்கப்படும்.

கடைசியில் முத்தியால்பேட்டையில் ஒரு வீடு கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் எதையும் கேட்கவில்லை. மொட்டைமாடியில் மேற்குப் பார்த்த போர்ஷன், பாதிக் கூரை கான்கிரீட், பாதி ஆஸ்பெஸ்டாஸ் சீட். வாடகை 9,000. எங்களுக்குக் கீழே முதல் தளத்தில் இதே அளவு போர்ஷனில் இருக்கும் குடும்பம் கொடுப்பது 7,500. பழைய குடித்தனமாக இருக்கும் என்று நண்பர் சமாதானம் சொன்னார். அவர்கள் வந்தது எங்களுக்கு இரண்டு மாதம் முன்னால். கேட்காமல் இருப்பதற்கும் ஒரு விலை வாங்குகிறார் என்றுதான் நான் எழுதிவைத்திருக்கிறேன். மாதம் 1,500, பதினோரு மாத அக்ரிமென்டுக்கு 16,500.

சீட் வீட்டில் கோடை கழித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் பகல் பதினொரு மணிக்கு மேல் ஃபேன் போட்டால் அடுப்பிலிருந்து காற்று வருகிறது. மாடி டேங்க் தண்ணீரில் இரவு ஒன்பது மணிவரை கைவைக்க முடியாது. மகளுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ராத்திரி மூன்று பேரும் பாயை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்கு வருவோம், விடிகாலையில் பனி இறங்கியதும் உள்ளே போவோம். ஒரு பழைய ஏர்கூலர் வாங்கினோம், அதை இடப்பக்கத்தில்தான் எழுதியிருக்க வேண்டும், எங்குமே எழுதவில்லை. அதனால் கூடிய கரண்ட் பில்லை மட்டும் எழுதினேன்: மாதம் 600, கோடை நான்கு மாதத்துக்கு 2,400. நான் பார்த்த 23 வீடுகளில் எங்களுக்குத் தர முன்வந்தவை மூன்று. மூன்றுமே மொட்டைமாடி. அதில் ஒரு வீட்டில் கீழ்த்தளமும் காலியாக இருந்தது. "கீழே அம்மா பூசை பண்ணுவாங்க" என்றார்கள். வெயில் எல்லார் மேலும் ஒன்றுபோலத்தான் அடிக்கிறது என்று நம்புகிறவர்கள் வாடகை வீட்டுக் கூரைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வலப்பக்கத்தைக் கூட்டினால் 25,000. என் உதவித்தொகையில் மூன்று மாதத்துக்கும் மேல்.

"இது உங்க அனுபவம் தோழர், பொதுமைப்படுத்தாதீங்க" என்று அடுத்து வரும் என்று தெரியும். ஆய்வாளரிடம் ஆய்வாளர் பேசும் மொழி அது. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவர் குழுவினரும் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். வாடகைக்கு விளம்பரம் செய்த வீட்டுக்காரர்களையும் தரகர்களையும் வெவ்வேறு பெயர்களில் போனில் அழைத்தார்கள். படிப்பு, வேலை எல்லாம் ஒத்திருக்க, மாறியது பெயர்தான். தலித் பெயரில் அழைத்தவர்களில் 100-க்கு 18 பேருக்கு நேர் மறுப்பு, 23 பேருக்கு நிபந்தனை. முஸ்லிம் பெயருக்கு மறுப்பே 31. பணம்தான் சாதி என்றால் அந்தப் போன் அழைப்புகளில் வேறுபாடு எங்கிருந்து வந்தது? போனில் யாரும் யாருடைய பணத்தையும் பார்க்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம்: வீடு அவருடைய சொத்து, யாருக்குக் கொடுப்பது என்பது அவர் விருப்பம். டீக்கடையும் ஒருவருடைய சொத்துதான். ஹோட்டலும் சொத்துதான். இரண்டு டம்ளர் வைப்பது என் விருப்பம் என்று கடைக்காரர் சொல்ல முடியாதபடி அரசமைப்புச் சட்டத்தின் 15(2) தடுக்கிறது. அந்தப் பட்டியலில் கடை இருக்கிறது, உணவு விடுதி இருக்கிறது, கிணறு, குளம், சாலை எல்லாம் இருக்கிறது. வாடகை வீடு என்ற சொல் இல்லை. அந்தச் சந்தில்தான் நாட்டின் எல்லா நகரங்களிலும் சாதி குடியிருக்கிறது. தங்கள் சமூகத்தாருக்கு மட்டும் என்று வீட்டுவசதிச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று குஜராத்தின் பார்சிச் சங்க வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சந்துக்கு அன்றைக்குச் சிமென்ட் ரோடும் போட்டுக் கொடுத்தாயிற்று.

ஆனால் சட்டமே இல்லை என்பதும் பொய். 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 4, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது ஆகியவற்றில் தீண்டாமையைக் காட்டி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது எதிராளியின் பொறுப்பு என்கிறது பிரிவு 12. நல்ல சட்டம். தண்டனை? ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் சிறை, 100 ரூபாய்க்குக் குறையாமல் 500 ரூபாய்க்கு மிகாமல் அபராதம். 1976-ல் திருத்தியபோது வைத்த தொகை, இன்றும் அதுவே. எனக்குச் சாதியால் ஆன செலவு 25,000, சட்டம் அதற்கு வைத்திருக்கும் உச்ச அபராதம் 500. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொருளாதாரப் புறக்கணிப்பு என்பதற்குள் விலை கொடுத்துப் பெறும் சேவையையும் ஒப்பந்த வாய்ப்பையும் மறுப்பதைக் கொண்டுவந்திருக்கிறது. வாடகை வீடு விலை கொடுத்துப் பெறும் ஒப்பந்தம் இல்லையென்றால் வேறென்ன?

அதே நேரத்தில், வாடகைக்கென்றே புதிதாக எழுதப்படும் சட்டங்களைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 2017 சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் வீடுகளுக்கு இரண்டு மாதம் என்கிறது. பெயிண்ட் யார் அடிப்பது, குழாய் யார் மாற்றுவது என்றுகூட யோசித்திருக்கிறார்கள். சாதியைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. எழுதியவர்களில் எவரும் வலப்பக்கக் கணக்கு எழுதியதில்லை போலும்.

புதுச்சேரியில் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து இங்கே 40 கிலோமீட்டர்கூட இல்லை. மதகடிப்பட்டைத் தாண்டும்போது பஸ் கண்டக்டர்கூட எதுவும் கேட்பதில்லை. ஆனால் அந்த எல்லையில் என் சாதிச் சான்றிதழ் இறங்கிவிடுகிறது. 1964-ல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட புதுச்சேரி பட்டியல் சாதிகள் ஆணையை வைத்து, அப்போது இங்கே குடியிருந்தவர்களின் வழிவந்தோர் 'பூர்வீகம்', பின்னால் வந்தவர்கள் 'குடிபெயர்ந்தோர்' என்று பிரிக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்தில் அந்த உரிமையோடு இட ஒதுக்கீடு கேட்க முடியாது என்று 2018-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. பூர்வீக மக்களுக்கான இடங்களை வெளியிலிருந்து வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அவர்கள் கவலையில் நியாயம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எனக்குள்ள கேள்வி வேறு. சர்க்கார் கணக்கில் மதகடிப்பட்டிலேயே இறங்கிவிட்ட என் சாதி, லாஸ்பேட்டை வீட்டுக்காரர் வாசலுக்கு எனக்கு முன்னால் எப்படி வந்து நிற்கிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மாநில எல்லையோடு நின்றுவிடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-ல் தீர்ப்பளித்தது. அடிக்கிறவன் எல்லை பார்ப்பதில்லை என்பதை மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஊரின் மஞ்சள் சுவர்களைப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. மேற்கிலும் சாதிவாரியாகத்தான் வீதிகள் பிரிந்திருந்தன. வெள்ளாளர் வீதியும் செட்டித் தெருவும் இன்றும் பெயர்ப் பலகையில் இருக்கின்றன. அந்தப் பக்கத்து வைசியாள் வீதியைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதே கிடைத்தது. திண்ணையும் தாழ்வாரமும் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் திண்ணையில் யாரெல்லாம் உட்கார முடிந்தது என்று விளக்கப் பலகையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சம்பா கோவிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து நிறுத்தி எழுப்பியிருந்த சுவர் 1745-ல் இடிக்கப்பட்டதையும், அதற்குச் சாதிக் கிறித்தவர்கள் கிளம்பி வந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரே கடவுளைக் கும்பிடுகிறவர்கள் ஒரே கூரையின் கீழ் நிற்கவே அன்றைக்கு அவ்வளவு கலவரம்.

எங்கள் வீட்டில் நடந்த சண்டையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தெளிவான விடை என்னிடம் இல்லை. ஐந்தாவது வாரம் மனைவி சொன்னாள்: "வேற சாதி சொல்லிடலாம். யாரு வந்து பாக்கப் போறா?" நான் கோபப்பட்டேன். அவள் அதைவிடக் கோபப்பட்டாள். "நீங்க கட்டுரை எழுதுவீங்க. மொட்டைமாடியில பிள்ளையத் தூக்கிட்டு நான் அலையணும்." அவள் சொன்னதில் தப்பில்லை. இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பாபாசாகேப் படம் ஹாலில் இல்லை, படுக்கையறைப் பீரோவுக்குள் இருக்கிறது. மாட்டுக்கறி கறுப்புப் பையில் வீட்டுக்கு வருகிறது, குக்கர் விசில் அடிக்கும் முன் ஜன்னல் சாத்தப்படுகிறது. அவர்களைக் கோழைகள் என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள்.

1917-ல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கரும் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த 26 வயது இளைஞர். நாளைக்கு ஒன்றரை ரூபாய் பேசி, பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அவர் தன் நினைவுக்குறிப்பில் அந்தத் தடிக்காரர்களோடு நிறுத்தவில்லை. அடைக்கலம் கேட்டுப் போன இரண்டு நண்பர்களைப் பற்றியும் எழுதுகிறார். இந்து நண்பர் மிகவும் வருந்தினார், கொதித்தார், பிறகு நீங்கள் என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்றார். கிறித்தவ நண்பர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். என் நண்பரும் வருந்துகிறார், கொதிக்கிறார். அவர் வீட்டு மாடி போர்ஷன் ஏப்ரலில் காலியானபோது எனக்குச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரர் "ஒரு மாதிரி" என்பதால் என் மனம் புண்படக் கூடாதென்று சொல்லாமல் விட்டாராம்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை, சொல்ல வேண்டிய தேவை கடைசி வீட்டில் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் மே மாதம் ஒரு நாள், வீடு பார்க்கப் படியேறும்போது நான்கு வயது மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அப்பா, இந்த வீட்ல தாத்தா ஊர சொல்லலாமா, கூடாதா?" நாங்கள் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. முறுக்கு கொடுத்த வீட்டிலிருந்து அவளாகக் கற்றுக்கொண்டாள். இதை நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

சரி, என்ன செய்வது? கண்டனக் கூட்டம் போடலாம், போட்டிருக்கிறோம். வாடகைச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். தரகர்களைப் பதிவு செய்து, "வீட்டுக்காரங்க ஒரு மாதிரி" என்று வடிகட்டித் தருகிறவர்களின் பதிவை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் கேட்பது ஒன்றே: ஆதாரம் எங்கே? வீடு முடிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய் என்று எப்படிக் காட்டுவாய்?

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. வீடு காலியாக இருக்கும்போது இல்லை என்று நிறத்தைப் பார்த்துச் சொல்வதும் அதில் குற்றம். அதைக் காட்ட அங்குள்ள இயக்கத்தினர் எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். ஒரே வருமானம், ஒரே குடும்ப அளவு உள்ளவர்களாக ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் தனித்தனியாகப் போய் ஒரே வீட்டைக் கேட்பார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் அருகே அப்படிப் போன கறுப்பினப் பெண்ணிடம் வீடு இல்லை என்றார்கள், வெள்ளையரிடம் இருக்கிறது என்றார்கள். சோதிக்கப் போனவர் என்றாலும் பொய்த்தகவல் பெற்றதற்காக அந்தப் பெண் வழக்குப் போடலாம் என்று 1982-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோரட் குழுவினர் ஆய்வுக்குச் செய்ததும் இதைத்தான். நாம் இயக்கமாகச் செய்யலாம். அறிக்கை எழுத அல்ல, புகார் கொடுக்க.

ஆடி பிறக்க இன்னும் 5 வாரம் இருக்கிறது. அதற்குள் குடிபோய்விட வேண்டும் என்று ஊரே அவசரப்படும், போர்டுகள் நிறையத் தொங்கும். புதுச்சேரியில் உள்ள தோழர்கள் பத்துப் பேர் போதும், ஐந்து ஜோடி. ஒரு ஜோடிக்கு வாரம் எட்டு வீடு. ஒருவர் போய் உண்மையான ஊரையும் தெருவையும் சொல்ல வேண்டும். மறுநாள் இன்னொருவர் அதே சம்பளம், அதே அளவு குடும்பத்தோடு போக வேண்டும். யார் எந்த நேரத்தில் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். புகாரை எந்தப் பிரிவில் கொடுப்பது என்று பார்க்க இரண்டு வழக்கறிஞர்களிடம் பேசியிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் ஜோடிக்கு இன்னொரு ஆளாக அந்த ஆய்வு நண்பரையே கேட்டேன். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பட்டியலில் முதல் வீடு அந்த வேப்பமரத்து வீடு. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன வீட்டில், நேற்று அந்த வழியாகப் போனபோது, போர்டு இன்னும் தொங்குகிறது.